இறங்கியாச்சு என்று ஒரு போன்

சாயங்காலம் ஆறே முக்கால் மணி. ஆனேக்கலைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையைப் பார்த்துப் போகும் ஒரு ஒற்றை ரோடு. இரண்டு பக்கமும் நீலகிரித் தைல மரங்கள். கடை இல்லை, வீடு இல்லை, தெரு விளக்கு இல்லை... அந்த ரோட்டின் நடுவில் ஆஞ்சலா தனியாக நின்றுகொண்டு, "அங்கிள்... அங்கிள்..." என்று கத்திக்கொண்டிருந்தாள். பதில் வரவில்லை.

ஆமாம், நம் ஆஞ்சலாதான். பத்து வருஷமாக நம்மோடு வீடு வீடாகப் பாட்டுப் பாட, கேரல் ரவுண்ட்ஸ் வந்தவள். போன வருஷமும் வரவில்லை, இந்த வருஷமும் ஏன் வரவில்லை என்று நீங்கள்தானே கேட்டீர்கள்? சொல்கிறேன். கரண்ட் வருகிறவரை எப்படியும் இந்த போர்ட்டிகோவில்தான் நடுங்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஷெர்வின், கிடாரைக் கீழே வை. நீ இப்படிக் கம்பியை நோண்டிக்கொண்டே இருந்தால் எனக்குக் கதை வராது. க்ளென், ரோஸ் குக்கீஸைச் சத்தம் இல்லாமல் கடி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேயை நம்புகிற ஆள் இல்லை. பல் டாக்டர் கிளினிக்கில் இத்தனை வருஷமாக வாசலில் உட்காருகிறேன், பயந்து நடுங்குகிற மனுஷர்களைத்தான் பார்த்திருக்கிறேன். பேய் ஒன்றுகூட அப்பாயின்ட்மென்ட் கேட்டு வந்ததில்லை. இது ஆஞ்சலா என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னது. நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை.

கிளிஃபர்ட் அங்கிள் ஆஞ்சலாவின் அம்மாவுக்குத் தம்பி. காக்ஸ் டவுனில், ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. ஐம்பது வயதில் எல்லாரும் சர்க்கரைக்கு மாத்திரை போட ஆரம்பிப்பார்கள். இவர் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து பழைய விமானம் ஒன்றையும் வாங்கினார். இரண்டே சீட். அது ஆனேக்கலுக்கு அப்பால் ஒரு சின்ன ஓடுதளத்தில் நிற்கும். பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். ஒரு தார்ப் பட்டை, ஒரு தகரக் கொட்டகை, ஒரு கேட், ஒரு வாட்ச்மேன். அவ்வளவுதான்.

சின்ன விமானம் என்றாலும் இஷ்டத்துக்குப் பறக்க முடியாது. எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பெயர் ஃப்ளைட் பிளான். கிளம்பும்போது விமானக் கட்டுப்பாட்டு ஆபீசுக்குப் போன் பண்ணி அதைத் திறக்க வேண்டும். இறங்கியதும் போன் பண்ணி மூட வேண்டும். மூடவில்லை என்றால், சொன்ன நேரத்துக்கு மேல் அரை மணி பார்ப்பார்கள்... அப்புறம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். போலீஸ், ஹெலிகாப்டர், எல்லாம் கிளம்பும். மூடிவிட்டால் ஒருத்தரும் தேட மாட்டார்கள். நீ எந்தக் காட்டில் கால் ஒடிந்து கிடந்தாலும் சரி, அவர்களைப் பொறுத்தவரை நீ பத்திரமாக இறங்கிவிட்டாய். புரிகிறதா? இதைப் புரிந்துகொள்ளாமல் நடுவில் என்னைக் கேள்வி கேட்கக் கூடாது.

இந்த மூடுகிற வேலையை அங்கிள் செய்ததே இல்லை. அவர் மனைவி டோரீன் ஆன்ட்டிதான் செய்வார். அந்த ஓடுதளத்தில் சிக்னல் அரைகுறை. பேசினால் பாதியில் அறுந்துவிடும். ஆனால் ரிங் மட்டும் போகும். அதனால் சக்கரம் தரையைத் தொட்டு விமானம் நின்றதும், அங்கிள் வீட்டு லேண்ட்லைனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஆன்ட்டி அதை எடுக்க மாட்டார். அதுதான் ஏற்பாடு. ரிங் நின்றதும் ஆபீசுக்குப் போன் போடுவார்.

"காக்ஸ் டவுன்லேருந்து டோரீன் பேசுறேன். அவர் இறங்கியாச்சு. மூடிடுங்க."

அப்புறம் போய்ப் பெப்பர் வாட்டருக்கு, அதாவது மிளகு ரசத்துக்கு, அடுப்பைப் பற்ற வைப்பார். பொம்மசந்திரா டிராஃபிக்கைத் தாண்டி அங்கிள் வீடு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும், சோறும் ரசமும் சரியாக இருக்கும். விமானத்தை ஓட்டியவர்தான் பிளானை மூட வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்த ஆபீசில் எல்லோருக்கும் ஆன்ட்டியின் குரல் பழக்கம். கிறிஸ்துமஸுக்கு டப்பா டப்பாவாகக் குல்குல்ஸ் பலகாரம் அனுப்புகிறவரிடம் யார் சட்டம் பேசுவார்கள்?

ஆன்ட்டி போய்விட்டார். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி, இரண்டே நாள். பிள்ளைகள் கிடையாது. அங்கிள் ஒரு வருஷம் பறக்கவே இல்லை. வீட்டு லேண்ட்லைன் அடித்தால் எடுக்கத் தைரியம் இல்லாமல், அந்த லைனையும் சரண்டர் பண்ணிவிட்டார். சாயங்காலம் ஆனால் சர்ச் மதில் ஓரமாக நடப்பார், இருட்டியதும் வீட்டுக்குப் போவார். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால், "இன்னொரு நாள் வரேன்மா" என்பார்.

ஒரு வருஷம் கழித்து ஆஞ்சலாதான் பிடிவாதம் பண்ணி அனுப்பினாள். போய் ஒரு சுற்றுப் பறந்துவிட்டு வாருங்கள், மனசு லேசாகும் என்று. போனார். ஒரு மணி நேரம் மலைப் பக்கம் சுற்றிவிட்டு இறங்கினார். பழக்கதோஷம்... கை தானாக வீட்டு நம்பரை அழுத்திவிட்டது. செத்துப்போன லைன். ரிங் போகவே கூடாது.

போயிற்று.

அங்கிள் பதறிப்போய்க் கட் பண்ணினார். ஏதாவது கோளாறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற இடம் வரை, அதாவது கேட் வரை நடந்து போய் ஆபீசைக் கூப்பிட்டார். பழைய ஆட்கள் எல்லாம் மாற்றலாகிப் போயிருந்தார்கள். எடுத்தவர் புதிது. ஹரிஷ்குமார், கிருஷ்ணகிரிக்காரர்.

"தம்பி, கிளிஃபர்ட் பேசுறேன். இறங்கிட்டேன். பிளானை மூடிடுங்க."

"அது அப்பவே மூடியாச்சே சார். மேடம் போன் பண்ணாங்களே."

"எந்த மேடம்?"

"உங்க வீட்டு மேடம்தான் சார். காக்ஸ் டவுன்லேருந்து. இறங்கியாச்சு, மூடிடுங்கன்னாங்க."

அங்கிள் எப்படிக் காரை ஓட்டிக்கொண்டு வந்தாரோ. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தார். இருட்டு. "டோரீன்?" என்று கூப்பிட்டார். சமையலறைக்குப் போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. மிளகு வாசனையும் இல்லை. போன் இருந்த இடத்தில் சுவரில் ஒரு ஒயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டு, காலையில் வைத்த சோற்றைச் சுட வைத்து, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஆனால் அங்கிள் பயப்படவில்லை. எனக்கு இந்தக் கதையிலேயே அதுதான் பயம். அவருக்குச் சந்தோஷம்!

வாரத்துக்கு ஒரு தடவை பறக்க ஆரம்பித்தார். அப்புறம் இரண்டு தடவை. இறங்குவார்... ஒரு ரிங் கொடுப்பார்... கேட் வரை நடப்பார்... ஹரிஷ்குமாரைக் கூப்பிடுவார். மூடச் சொல்வதற்காக இல்லை, கேட்பதற்காக.

"பேசினாளா?"

"பேசினாங்க சார்."

"எப்படிப் பேசினா?"

"அவசரமாத்தான் சார். அடுப்புல எதையோ வச்சுட்டு வந்த மாதிரி. குக்கர் விசில் கேட்டுச்சு. பின்னால ரயில் போற சத்தமும் கேட்டுச்சு."

அங்கிள் போனைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாராம், அழுவாராம். ஹரிஷ்குமாருக்கு என்ன தெரியும், பாவம்? புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை போல, நேருக்கு நேர் பேச்சு வார்த்தை இல்லை, என்னை வைத்துத் தூது விடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

"லவினா ஆன்ட்டி, அந்தக் குரலை அவர் ஒரு தடவையாவது கேட்டாரா?"

நடுவில் பேசாதே என்றேனே ஷெர்வின்... இல்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவர் வீட்டு நம்பரைக் கூப்பிட்டால் ரிங் போய்க்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். மிஸ்டு காலை எடுக்கக் கூடாது என்பதுதானே அவர்கள் ஏற்பாடு? ஊரில் யார் யாரோ பேசுகிற ஆபீசுக்குப் பேசுகிறவர், புருஷனோடு பேச மாட்டேன் என்கிறார். கேட்டு வற்புறுத்தினால் அதுவும் நின்றுவிடுமோ என்று பயந்து, அவர் அப்படியே விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆஞ்சலா வீட்டில் சாப்பாடு. அங்கிள் வாய் கொள்ளாச் சிரிப்போடு சொன்னாராம்: "டோரீன்தான் இன்னும் மூடுறா, தெரியுமா?" ஆஞ்சலாவுக்குக் கையில் இருந்த கரண்டி நழுவியது. பேய் என்பதற்காக மட்டும் இல்லை. அவள் கணக்கு டீச்சர், கணக்காகத்தான் யோசிப்பாள். அங்கிள் வாயால் மூடாத பிளான் மூடப்படுகிறது. நாளைக்கு அவர் எங்கேயாவது காட்டில் விழுந்து கிடக்க, இங்கே யாரோ இறங்கியாச்சு என்று சொன்னால்? ஒருத்தரும் தேட மாட்டார்கள். கிடந்தே செத்துப்போவார்.

அன்றைக்கே ஹரிஷ்குமாரைத் தேடிப் போய்ப் பார்த்தாள்.

"ஆன்ட்டி செத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு சார்."

ஹரிஷ்குமார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை தடவை பேசியிருக்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு ஹேப்பி கிறிஸ்துமஸ் வேறு சொல்லியிருக்கிறார்.

"இனிமே அந்தப் போன் வந்தா மூடாதீங்க. அங்கிள் வாயால சொன்னாத்தான் மூடணும். கையெடுத்துக் கும்பிடுறேன்."

நியாயம்தானே? நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அடுத்த தடவை அங்கிள் பறந்தபோது, சாயங்காலம் அஞ்சரைக்குச் சரியாக ஹரிஷ்குமாரின் மேஜை போன் அடித்தது. காக்ஸ் டவுன் நம்பர். எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தார்.

"டோரீன் பேசுறேன் தம்பி. அவர் இறங்கியாச்சு. மூடிடுங்க."

"மேடம்... இனிமே நீங்க சொன்னா மூடக் கூடாதுன்னு ஆர்டர். சார் சொன்னாத்தான் மூடுவோம்."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது. ரயில் ஒன்று போயிற்று, நீளமான ரயில். அப்புறம்,

"அப்போ நான் இங்கே எதுக்கு இருக்கேன், தம்பி?" என்றார்களாம்.

போன் வைக்கப்பட்டது. கொஞ்ச நேரத்தில் அங்கிளின் போன்.

"பேசினாளா?"

"பேசினாங்க சார். ஆனா... இனிமே நீங்களே சொல்லணும் சார். சொல்லுங்க, மூடுறேன்."

அங்கிளுக்குப் புரிந்துவிட்டது. கடைசியில், "மூடுங்க" என்றார்.

ராத்திரி ஆஞ்சலா வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"என்னைத் தேடறதுக்கு ஆள் இருக்கணும்னு நினைச்சே. சரி. எனக்காகக் காத்துக்கிட்டிருக்க ஒரு ஆள் இருந்தாளே, அவளை ஏன் வேணாம்னு சொன்னே?"

"அங்கிள், உங்க நல்லதுக்குத்தான்..."

"எனக்குத் தெரியும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அதற்கப்புறம் ஆஞ்சலா வீட்டுக்கு அவர் வரவே இல்லை. அவள் இரண்டு தடவை பிரியாணி எடுத்துக்கொண்டு போனாள். வாங்கிக்கொண்டார், தேங்க்ஸ் சொன்னார், கதவைச் சாத்திக்கொண்டார்.

போன வருஷம் அக்டோபர். மழை விட்டு வானம் கழுவி விட்ட மாதிரி இருந்த ஒரு சனிக்கிழமை. அங்கிள் நாலரைக்கு ஆபீசுக்குப் போன் பண்ணிப் பிளானைத் திறந்தார். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரு மணி நேரம், திரும்பவும் இங்கேயே, அஞ்சரைக்கு இறங்குவேன் என்றார். வழக்கம் போலத்தான்.

அஞ்சரை ஆயிற்று. அங்கிள் கூப்பிடவில்லை. காக்ஸ் டவுன் நம்பரும் வரவில்லை.

ஐந்தே முக்கால்... இல்லை. ஆறு மணி... இல்லை. அரை மணி கழிந்துவிட்டது. ஹரிஷ்குமார் அங்கிளின் மொபைலுக்கு அடித்தார். ரிங் போகிறது, எடுக்கவில்லை. ஆஞ்சலாவுக்கு அடித்தார். அவள் அன்றைக்கு ஆனேக்கலில் ஒரு டியூஷன் முடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். ஒரு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு ஓடுதளத்துக்குப் பறந்தாள். தேடுகிற ஆட்களுக்கும் தகவல் போயிற்று. கடைசியாக வாட்ச்மேனுக்கு அடித்தார்கள். வாட்ச்மேன், இன்னும் விமானம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே கொட்டகைப் பக்கம் நடந்தார். நடந்தவர் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டார்.

விமானம் நின்றுகொண்டிருந்தது.

தன் இடத்தில், ஒழுங்காக. இறக்கைக்கு ஒரு கயிறு, வாலுக்கு ஒரு கயிறு, எல்லாம் அங்கிள் போடுகிற அதே முடிச்சு. ஆஞ்சலா வந்து என்ஜின் மேல் கை வைத்தாள். சூடு. காய்ந்த எண்ணெய் வாசனை. உள்ளே இரும்பு ஆறுகிற சத்தம்... டிக்... டிக்... டிக். கதவு சாத்தியிருந்தது. சீட்டின் மேல் அவர் மொபைல், ஹரிஷ்குமாரின் பெயரோடு வெளிச்சம் போட்டு அணைந்தது. கேட்டுக்கு உள்ளே அவருடைய கார், பூட்டியபடி. மனுஷன் மட்டும் இல்லை.

"நான் கேட்டை விட்டு அசையவே இல்ல மேடம். மத்தியானத்துலேருந்து இங்கேயே இருக்கேன்." வாட்ச்மேன் பாதி கன்னடம், பாதி தமிழ், அழுகிற குரல். "பிளேன் வந்த சத்தமே கேக்கல. யாரூ ஹோகில்ல மேடம், யாரும் இந்தக் கேட்டைத் தாண்டிப் போகல."

அங்கே ஒரே கேட், ஒரே ரோடு. சுற்றிலும் முள்வேலி. அந்த ரோட்டில்தான் ஆஞ்சலா ஆறே முக்காலுக்குக் கத்திக்கொண்டு நின்றாள். தொண்டை கட்டிப் போகிற வரைக்கும் கத்தினாள்.

ஹரிஷ்குமாருக்கு மேலே இருந்து கேட்டார்கள்: விமானம் கிடைத்துவிட்டதா? கிடைத்துவிட்டது. சேதம் இல்லையே? இல்லை. அப்புறம் என்ன, மூடு. விமானத்தைத் தேடுவதுதான் அவர்கள் வேலை. காணாமல் போன மனுஷனைத் தேடுவது போலீஸ் பாடு. ஹரிஷ்குமார் பிளானை மூடினார். இறங்கியாச்சு என்று யாரும் சொல்லாமலே அவர் மூடிய பிளான் அது ஒன்றுதானாம்.

போலீஸ் நாயைக் கூட்டி வந்தது. நாய் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் படுத்துவிட்டது. பக்கத்து ஏரியில் வலை போட்டார்கள். நீலகிரித் தோப்பு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. ஆறு மாசத்தில் போலீஸும் விட்டுவிட்டது. ஆஞ்சலா விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி அந்த ரோட்டுக்குப் போய்விடுகிறாள். இந்த வருஷமும் அவள் எப்படி நம்மோடு வந்து ஆல்டோ குரலில் பாடுவாள், சொல்லுங்கள்?

க்ளென், எழுந்திருக்காதே. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இதை ஹரிஷ்குமார் ஆஞ்சலாவிடம் மட்டும்தான் சொன்னார். அவள் என்னிடம் சொன்னாள்.

பிளானை மூடிய மறுநாள். ஞாயிற்றுக்கிழமை, ஆபீசில் ஹரிஷ்குமார் மட்டும். சாயங்காலம் அஞ்சரைக்கு மேஜை போன் அடித்தது. காக்ஸ் டவுன் நம்பர். எடுத்தார். குக்கர் சத்தம் இல்லை. அவசரம் இல்லை. அதே குரல்தான், ஆனால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தவர்கள் பேசுகிற மாதிரி இருந்ததாம்.

"தம்பி, அவர் இன்னும் வீட்டுக்கு வரலையே."

அங்கிள் செத்துவிட்டார், இந்த நேரம் அவர் மனைவியோடுதான் இருப்பார் என்று ஹரிஷ்குமார் மனசை ஒருவழியாகத் தேற்றி வைத்திருந்தார். ஆஞ்சலாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அழுகையை நிறுத்தியிருந்தாள்.

"மேடம்... பிளேன் இறங்கிடுச்சு. சாரைத்தான் காணோம்."

"பிளேன் இறங்கினா ஆச்சா? அவர் இங்கே வரலை. அங்கேயும் இல்லைங்கறீங்க. யாரைக் கேட்டு மூடுனீங்க?"

ஹரிஷ்குமார் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கமும் போனை வைக்கவில்லை. அப்புறம், சின்னக் குரலில்,

"யாராவது தேடிக்கிட்டாவது இருக்கீங்களா, தம்பி?"

அதற்கப்புறம் தினமும் அஞ்சரைக்கு அந்தப் போன் வருகிறது. அதே ஒரு கேள்விதான் கேட்கிறார்களாம். இன்றைக்கும் கேட்டார்கள்.